மைனருடன் நேரில் ஆஜராகவும்

1

போன செவ்வாய்க்கிழமை அலுவலகக் கூட்டத்தில் நான் பேசினேன். அதுவே ஒரு செய்திதான். வினைச்சொல் கடைசியில் வரும் மொழி, அதனால் தமிழனுக்கு ஜெர்மன் சுலபம் என்று என்னிடம் சொன்ன ஒருவரை ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்று என்னவோ சரளமாக வந்தது. பேருந்து பிரேக்குகளைச் சோதிக்கும் எங்கள் பிரிவு ஏன் தாமதமாகிறது என்பதைக் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில், ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் போவதைப் பார்த்தேன்.

வாய் தானாக மூடிக்கொண்டது. தூக்கிய கை தூக்கியபடி, கண் விட்டத்தைப் பார்த்தபடி, பொம்மை மாதிரி நின்றேன். பத்துப் பதினோரு நொடி. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த பிர்கிட் எழுந்து வந்து, முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போகிறதா, நாக்கை நீட்ட முடிகிறதா என்று கேட்டார். நீட்டினேன். எட்டுப் பேர் என் நாக்கைப் பார்த்தார்கள். "ஒன்றுமில்லை, விமானம் போனது," என்றேன். அது அவர்களை இன்னும் கவலைப்பட வைத்தது. மூன்றடுக்குக் கண்ணாடி போட்ட அந்த அறைக்குள் விமானச் சத்தம் துளியும் வரவில்லை.

பம்மலில் இருப்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னை விமான நிலையத்தை ஒட்டி, பொழிச்சலூர் பக்கமாக இருக்கும் எங்கள் தெருவில் விமானம் மொட்டை மாடிக் கொடியில் காயும் துணியை உரசுவதுபோல் போகும். அப்போது யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. பேச்சை அந்த எழுத்தில் நிறுத்தி, விமானம் போனதும் அடுத்த எழுத்திலிருந்து எடுப்போம். கல்யாணம் பேசும்போதும் இப்படித்தான், சண்டை போடும்போதும் இப்படித்தான். "உங்கப்பன் மட்டும்" என்று ஆரம்பித்தவர் காத்திருந்து "யோக்கியனா?" என்று முடிப்பார். இடையில் எதிராளி மரியாதையாக நிற்பார். வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்துப் பயப்படுவார்கள். எங்களுக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பதே தெரியாது.

எனக்குத் தெரிய வந்தது போன வருடம் இதே ஏப்ரலில், தாம்பரம் கோர்ட்டில்.

2

ஜெர்மனியில் உல்ம் என்ற ஊருக்கு இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குக் கணக்கு எப்போதுமே சுமார். ஒரு குளிர்காலம் மனைவி உமாவும் மகன் நிலவனும் வந்து இருந்து பார்த்தார்கள். மாலை நாலு மணிக்கே இருட்டு, நான் வீடு திரும்ப ஏழு மணி. நிலவனுக்கு அப்போது ஐந்து வயது. படுக்கப் போனால் அழுவான். சளி பிடித்திருக்கிறது என்று மருந்து கொடுத்தேன். வசந்தம் வருவதற்குள் இருவரும் பம்மலுக்கே திரும்பிவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்ததை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். உமா "எப்ப வர்ற?" என்று கேட்டாள். நான் "பாக்கலாம்" என்றேன். இதையே இரண்டு வருடம் பேசினோம். பிறகு இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். நாங்கள் பேசியது மொத்தமும் ஒரே கேள்வி, ஒரே பதில் என்று அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

பையன் அம்மாவிடம். எனக்கு ஞாயிறு மாலை நான்கு முதல் நாலரை வரை வீடியோ அழைப்பு. கோர்ட் உத்தரவு. இந்திய நேரம். ஐரோப்பாவில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தைத் திருப்புவார்கள் என்பது உத்தரவுக்குத் தெரியாது, அக்டோபர் கடைசி ஞாயிறு எனக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் தாமதமாக அழைத்து, "அப்பா, நீங்க ஆப்சென்ட்," என்று நிலவன் சொல்லக் கேட்டேன். முன்பெல்லாம் 'நீ' என்பான். நான் இங்கே குடியேற்ற அலுவலகத்தில் அதிகாரியை 'நீ' என்று கூப்பிட்டுவிட்டு, வெளியே வந்து பக்கத்து வீட்டு நாயை 'நீங்கள்' என்று கூப்பிடுகிறவன். அவன் 'நீங்க' என்றதற்கு வருத்தப்பட எனக்குத் தகுதியில்லை. வருத்தப்பட்டேன்.

அதைவிடப் பெரிய வருத்தம் சீலிங். அழைப்பை எடுப்பான், "ஹாய்ப்பா" என்பான், போனை மல்லாக்க வைத்துவிடுவான். பிறகு அரை மணி நேரம் நான் பார்ப்பது மின்விசிறியை. கேட்பது பென்சில் சத்தம், குக்கர் விசில், தெருவில் ஷேர் ஆட்டோக்காரர் "பல்லாவரம் பல்லாவரம்" என்று கூவுவது, நடுநடுவே விமானம். "ஸ்கூல் எப்படிடா?" "ஓகே." "சாப்டியா?" "ம்."

அந்த சீலிங்குக்கு வெள்ளையடித்தவன் நான்தான். ஆள் வைக்காமல் நானே அடிக்கிறேன் என்று வீம்புக்கு ஏறி, மூலையில் ஒரு இடத்தை விட்டுவிட்டேன். அப்போது யாரும் கவனிக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறவன் நான் என்று அன்று தெரிந்திருந்தால் ஒழுங்காக அடித்திருப்பேன்.

3

மே மாத விடுமுறையில் ஒரு மாதம் நிலவனை என்னோடு உல்முக்கு அனுப்ப வேண்டும் என்று மனுப் போட்டேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு மாதம்தான். அவன் முகத்தை நேராகப் பார்த்து ஒரு மாதம்.

வக்கீல் தணிகாசலம் மனுவை எழுதினார். அதில் ஒரு வரி, 'எதிர்மனுதாரர் மைனருக்குச் சொல்லிக்கொடுத்து, கைப்பேசியைக் கூரையை நோக்கி வைக்கச் செய்து, தந்தையின் உரிமையைப் பறிக்கிறார்.' எதிர்மனுதாரர் என்றால் உமா. படித்தபோது கொஞ்சம் உறுத்தியது. கோபத்தில் கையெழுத்துப் போட்டேன். கோபத்தில் என் கையெழுத்து நன்றாக விழும்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. வக்கீல் அதை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினார். சாய்வாக, ஓரத்தில் அவர் கட்டைவிரலோடு. மனுதாரரும் எதிர்மனுதாரரும் மைனருடன் நேரில் ஆஜராகவும்.

"சார், வீடியோவுல ஆஜராக முடியாதா?" என்று கேட்டேன்.

"நல்லா கேட்டீங்க. வீடியோவுல புள்ளை மூஞ்சி தெரியலன்னு மனு போட்டுட்டு, என் மூஞ்சியை வீடியோவுல பாருன்னு ஜட்ஜம்மா கிட்ட சொல்லச் சொல்றீங்களா? கெளம்பி வாங்க சார்."

இங்கே அலுவலகத்தில் விடுப்புக்கு ஆதாரம் கேட்டார்கள். படத்தைக் காட்டினேன். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் முத்திரையுடன் வேண்டும் என்றார்கள். உல்மில் தமிழுக்கு அப்படி ஒருவர் இல்லை. வேறு ஊரில் இருந்த ஒருவரைப் பிடித்தோம். நேர்மையான மனிதர். 'படத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் உள்ளது' என்பதையும் ஜெர்மனில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். மனிதவளப் பிரிவில் அந்தக் கட்டைவிரல் யாருடையது என்று கேட்டார்கள். வழக்கறிஞருடையது என்றதும் திருப்தியாகி விடுப்பு கொடுத்தார்கள்.

4

பள்ளிக்கரணையில் பாஸ்கர் வீட்டில் தங்கினேன். பம்மலில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவன் அப்பா தோல் பட்டறையில் இருந்தார், அவன் இப்போது ஏ.சி. பழுது பார்க்கிறான். சதுப்பு நிலத்தைப் பார்த்த பால்கனி. காலையில் தண்ணீரில் நாரைகள் நின்றன. உல்மில் இப்படி ஒன்று இருந்தால் பலகை வைத்து, பைனாகுலர் வைத்து, காபிக்கடை வைத்திருப்பார்கள் என்றேன்.

"இங்கயும் கட கீது. நீ மூஞ்சியக் கழுவினு வா," என்றான்.

கோர்ட்டுக்கு அவன் வண்டியில் போனோம். வேளச்சேரி ரோட்டில் நான் "மெதுவா, மெதுவா" என்று பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.

"இன்னா மச்சான், நீதான பஸ்ஸுக்கே பிரேக் போடற ஆளு? ஒரு பைக்குக்கு இந்தப் பயம் பயப்படறியே."

"பிரேக்கைப் பத்தித் தெரிஞ்சதாலதாண்டா பயம்."

"சரி, புள்ள கிட்ட இன்னா பேசுவே? ரெடி பண்ணிக்கினியா?"

இல்லை. விமானத்தில் பதினோரு மணி நேரம் யோசித்தும் "சாப்டியா"வைத் தாண்டி வரவில்லை.

கோர்ட் வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் உமா, பக்கத்தில் நிலவன். அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், டீச்சர் வந்தால் நிற்பதுபோல். என் நெஞ்சு வரை வளர்ந்திருந்தான். சீலிங் எனக்கு இதைச் சொல்லவே இல்லை.

"அவனுக்கு இன்னிக்கு ஸ்விம்மிங் கிளாஸ் முதல் நாள்," என்றாள் உமா. "மிஸ் பண்ணிட்டு வந்திருக்கான்." கொஞ்சம் நிறுத்தி, "சீலிங் காட்டச் சொல்லிக் குடுத்தேனா நானு?"

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். விமானம் எதுவும் போகவில்லை.

பத்தரைக்கு வரச் சொன்னவர்கள் பகல் ஒன்றரை வரை கூப்பிடவில்லை. எங்களுக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். ஒரு குழந்தையை ஒரு பாட்டியும் ஒரு சித்தியும் ஆளுக்கொரு கையாகப் பிடித்திருந்தார்கள். ஒரு அப்பா பெரிய பலூன் வாங்கி வந்திருந்தார், அது வெயிலில் மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தது. உமா இரண்டு டப்பா எலுமிச்சை சாதம் கொண்டு வந்திருந்தாள். நான் கேன்டீனுக்குப் போவதாக எழுந்தேன். நிலவன் தன் டப்பா மூடியில் பாதி சாதத்தையும், நான்கு உருளைக்கிழங்குத் துண்டில் இரண்டையும் எடுத்து வைத்து என் பக்கம் நகர்த்தினான். எதிர்மனுதாரர் கையால் செய்த சாதத்தை மனுதாரர் கோர்ட் வராந்தாவில் சாப்பிடுவதைத் தணிகாசலம் தூரத்திலிருந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

5

மூன்றரை மணிக்கு டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குழந்தை இருப்பதால் அறைக்குள் அழைத்தார்கள். நீதிபதி அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தெற்குச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"ஒரு மாசம் அனுப்புறதுல ஒங்களுக்கு என்னம்மா பிரச்சினை?" என்று உமாவிடம் கேட்டார்.

உமா ஆரம்பித்தாள். "மேடம், இவர் காலையில ஏழு மணிக்கு வேலைக்குப் போனா..."

நான் மறுக்க எழுந்தேன். "மேடம், அது அப்போ, இப்ப நான் வீட்லேந்தே வேலை..."

வெளியே விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று கட்டடத்தின் மேலாகப் போனது. உமா நிறுத்தினாள். நான் நிறுத்தினேன். அவள் விரல் என்னை நோக்கி நீண்டபடி நின்றது, என் கை மார்பில் வைத்தபடி நின்றது. தணிகாசலம் பேசிக்கொண்டே இருந்தார். அவர் திருவள்ளூர்க்காரர். சத்தம் தேய்ந்தது.

"...ராத்திரி ஏழுக்குத்தான் வருவாரு," என்றாள் உமா.

"...செய்யலாம் மேடம்," என்றேன் நான்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "என்ன, ரெண்டு பேரும் திடீர்னு செலையா நின்னுட்டிய?"

"எப்ப மேடம்?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டோம்.

"பிளேன் மேடம்," என்றான் நிலவன். அவன் அந்த அறையில் பேசிய முதல் வார்த்தை. "பிளேன் போனா பேசக் கூடாது. கேக்காது. போனப்பறம்தான் பேசணும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

யோசித்தான். "யாரும் இல்ல மேடம். நாங்க அப்படித்தான்."

நீதிபதி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு அவனோடு தனியாகப் பேசினார்.

பன்னிரண்டு நிமிடம். அதே பெஞ்சில், நடுவில் அவன் இடத்தைக் காலியாக விட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். அந்த இடத்தில் அவன் தண்ணீர் பாட்டில் இருந்தது. அது சாய்ந்தபோது இருவர் கையும் அதைப் பிடிக்கப் போனது. உமா பிடித்தாள்.

மறுபடி உள்ளே போனதும் நீதிபதி என்னைத்தான் பார்த்தார். "போனை ஏன் மேல பாக்க வைக்கேன்னு ஒங்க மகன் கிட்ட கேட்டேன். நிக்க வச்சா அப்பா விழுந்துடுறாருன்னு சொல்லுதான்."

எனக்குப் புரியவில்லை.

"புஸ்தகத்துல சாச்சு வச்சானாம், விழுந்துட்டீங்களாம். டம்ளர்ல சாச்சானாம், டம்ளரோட விழுந்துட்டீங்களாம். அடிபடும்னு படுக்க வச்சிட்டானாம். பக்கத்துலதான் உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவானாம். கட் பண்ணாம அரை மணி நேரமும் அப்பா இருக்காருல்ல, அது போதுங்கான்."

நான் உமாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. மனுவில் அந்த வரிக்குக் கீழே என் கையெழுத்து அழகாக இருந்தது.

"ஜெர்மனிக்குப் போறியான்னு கேட்டேன்," என்றார் நீதிபதி. "அங்க பிளேன் சத்தம் வருமான்னு கேக்கான். போன தடவ சத்தமே இல்லாம பயமா இருந்துச்சாம், தூக்கமே வரலையாம். எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க. வருமா?"

அது சளி இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தணிகாசலம் பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தார். வரும் என்று சொன்னால் போதும், அந்த ஒரு மாதம் என்னுடையது. நிலவன் என் முகத்தையே பார்த்தான், நேராக. இந்த முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

"வராது மேடம்," என்றேன். "ஜன்னலுக்கு மூணு கண்ணாடி."

இப்படியாக என் வழக்கை நானே தோற்றேன். அந்த மேயில் அனுப்ப உத்தரவு இல்லை. பத்து நாள் காலை பத்து முதல் மாலை ஆறு வரை அவனை என்னோடு வெளியே அழைத்துப் போகலாம். அடுத்த வருடம் மறுபடி மூவரும் ஆஜராக வேண்டும், அப்போது மைனரிடம் திரும்பக் கேட்கப்படும்.

வெளியே வந்ததும் உமாவிடம், "அந்த வரிய நான் வாபஸ் வாங்கிக்கறேன்," என்றேன்.

"எழுதிக் குடு," என்றாள். வக்கீலிடம் காகிதம் வாங்கி அங்கேயே எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து கோணலாக வந்தது.

6

பத்து நாளில் ஒரு நாள் கோவளம் போனோம். படகுகள் வந்து நிற்க, மணலில் மீன் கொட்டி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வஞ்சிரத்தை மூன்று கோணத்தில் படமெடுத்தேன்.

"இன்னா சார், போட்டோ புட்சிகினே கீறியே, போட்டோல கொழம்பு வெக்கப் போறியா?" என்றார் மீன்காரம்மா. நிலவன் சிரித்தான். விழுந்து விழுந்து சிரித்தான். நான் நல்ல மீனா என்று பார்க்க அழுத்தியதில் அது வழுக்கி அவர் மடியில் விழுந்தது. "பேஜாரா போச்சுப்பா ஒங்கப்பாவோட," என்று அவனிடம் முறையிட்டார். எங்கள் அப்பா இப்படித்தான் என்பதுபோல அவன் பெரிய மனிதன் மாதிரிக் கையை விரித்தான்.

கோவளத்தில் விமானம் தலைக்கு மேல் வருவதில்லை. பேசாமல் இருக்கச் சாக்கே கிடைக்கவில்லை. அதனால் பேசினோம். நான் மூலையில் வெள்ளையடிக்காமல் விட்டதைச் சொன்னேன். "எனக்குத் தெரியும், ஆமை மாதிரி இருக்கும்," என்றான். நான் அதை வருடக்கணக்கில் இலங்கை என்று நினைத்திருந்தேன். அவன் சொன்னபிறகு ஆமைதான்.

கிளம்புவதற்கு முதல் நாள் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டு ஓரத்தில் போன் கவர் விற்கிறவரிடம் ஒரு ஸ்டாண்டு வாங்கினேன். ஜாக்கெட், சாக்லேட், மரத்தில் செய்த ரயில் என்று வருடா வருடம் பெட்டி பெட்டியாக அனுப்பியவனுக்கு இது தோன்றவில்லை.

"ஸ்ட்ராங்கா இருக்குமா? நான் விழக் கூடாதுப்பா," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், இதுல பெரிய டேப்லெட்டே நிக்கிது. நீ நிக்க மாட்டியா?"

7

நின்றேன். ஒரு வருடமாக நிற்கிறேன். இப்போது எனக்குத் தெரிவது அவன் நெற்றி, குனிந்து எழுதும்போது உச்சந்தலைச் சுழி, பின்னால் சமையலறை வாசல். சில ஞாயிறு அவன் விளையாடப் போய்விடுவான், நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உமா குறுக்கே போகும்போது, "அவன் இல்ல, அப்பறம் பண்ணு," என்பாள். "பரவால்ல, நான் உக்காந்திருக்கேன்," என்பேன்.

இந்த வருட உத்தரவு வந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை, மூவரும் நேரில். இம்முறை வக்கீல் கட்டைவிரல் இல்லாமல் படமெடுத்திருக்கிறார். அவன் என்ன சொல்வான் என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

இன்று ஞாயிறு. எனக்குப் பன்னிரண்டரை, அவனுக்கு நான்கு. எடுத்ததும் கேட்டான், "அப்பா, உன் வீட்டு ஜன்னலைத் தொறக்க முடியுமா?"

திறந்தேன். வெளியே ஆறு டிகிரி. போனை வெளியே நீட்டினேன். டிராம் ஒன்று வளைவில் கிறீச்சிட்டது. சர்ச் மணி அடித்தது. கீழ்வீட்டுக் கிழவர் ஏன் அறைச் சூட்டை வீணாக்குகிறாய் என்று அண்ணாந்து கத்தினார். நிலவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி.

"ம். கொஞ்சம் இருக்கு," என்றான். பிறகு, "அப்பா, மே மாசம் நான் அங்க..."

விமானம். பம்மலுக்கு மேல், வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான சத்தத்தோடு. அவன் வாய் பாதி திறந்தபடி நின்றது. பின்னால் வாசலில் உமா கையில் கரண்டியோடு நின்றாள். அவளும் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறாள் என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது. நான் இங்கே, ஜன்னலோரம், ஒரு கை வெளியே இருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'வரலாமா' என்று முடியுமா, 'வர மாட்டேன்' என்று முடியுமா. அந்த ஊரில் இத்தனை வருடம் எத்தனையோ விமானத்துக்குக் காத்திருக்கிறேன். இவ்வளவு மெதுவாகப் போன விமானத்தை நான் பார்த்ததில்லை.

சத்தம் தேய்ந்தது.

"...வந்தா, ஜன்னலைத் தொறந்தே வைப்பியா?"

உமா கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். அவள் மறுக்கவில்லை. நான் வைப்பேன் என்றேன். இதை எழுதும்போதும் ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது. இந்த முறை நிஜமாகவே சளிதான்.